'காசு' ஆங்கிலக் 'கேஷ்' இலிருந்து வந்ததா?

இல்லை. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காசு நாணயப் பெயராக நிற்கிறது. மறுபக்கம்தான் கொஞ்சம் சிக்கல். சீனச் செப்புக்காசை ஆங்கிலேயர் 'கேஷ்' என்றார்களே, அது நம்முடைய காசு. போர்த்துக்கேயர் வாயில் திரிந்து ஆங்கிலத்துக்குப் போனது. ரொக்கத்தைச் சொல்லும் 'கேஷ்' வேறு, பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்வழி வந்தது.

'பணம்' உம் முதலில் ஒரு நாணயந்தான். கிழக்கிந்தியக் கம்பனிக்காலச் சென்னையில் 80 காசு ஒரு பணம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசில் 'சேது' என்று பொறித்திருக்கும். எங்கட யாழ்ப்பாணப் பேச்சில் பணம் குறைவு, காசுதான் (கையில் இரண்டுமே குறைவு என்பது வேறு கதை). இங்கத்தைய (யாழ்ப்பாணத்து) திருநெல்வேலிச் சந்தையில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டிப் பாருங்கோ: "மாத்தின காசு இல்லையோ தம்பி?"