மான் மலைக்கு எந்த ஜாக்கெட்: ஒற்றை நிறமா, கேமோவா?

கேள்வி: ஸ்காட்லாந்தில் இன்வர்னஸில் வேலை பார்க்கிறேன். நவம்பரில் சிவப்பு மான் வேட்டைக்கு நண்பர்கள் அழைத்திருக்கிறார்கள். எஸ்டேட்டின் ஸ்டாக்கர் (மானைத் தேடிக் கூட்டிப்போகும் வழிகாட்டி) கூடவே வருவாராம். கடையில் இலையும் கிளையும் அச்சிட்ட கேமோ (சுற்றுப்புறத்தோடு கலந்து ஆளை மறைக்கும் அச்சு) ஜாக்கெட், கால்சட்டை இரண்டும் சேர்ந்து தள்ளுபடியில் கிடைக்கின்றன. அதே பணத்துக்கு வெறும் பச்சையில் ஜாக்கெட் மட்டும்தான் வரும். எதை வாங்கலாம்?

பதில்: பச்சை ஜாக்கெட்டை வாங்குங்கள். ஆனால் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். அதைப் போட்டுக்கொண்டு ஒரு கையை இன்னொரு கையின் மேல் காதருகே வைத்து உரசுங்கள். கேரி பேக் கசங்குவது போலச் சரசரத்தால், எந்த நிறமானாலும் கழற்றி மாட்டிவிடுங்கள். வழவழப்பான நைலான் குளிரில் இன்னும் விறைத்து அதிகம் சத்தம் போடும். மேல்பக்கம் பூனைமுடி போலத் தேய்த்துவிட்ட பாலியஸ்டரோ கம்பளியோ சத்தம் போடாது. பாக்கெட்டில் வெல்க்ரோ இருக்கிறதா என்றும் பாருங்கள். அமைதியான மலையில் அதைப் பிரிக்கும் சத்தமே மானை எழுப்பிவிடும். பித்தானோ மெல்லிய ஜிப்போ மேல்.

இனி நிறம். மானின் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் இரண்டு வகை, நமக்கு மூன்று. நீலம் அதற்கு நன்றாகத் தெரியும். சிவப்பையும் ஆரஞ்சையும் பச்சையிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியாது. நுணுக்கமான உருவங்களையும் நம் அளவுக்குத் தெளிவாகப் பார்க்காது. ஆனால் தலையின் இருபக்கமும் கண் இருப்பதால், பின்னால் சிறு பகுதி தவிர ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். அசைவை உடனே பிடித்துவிடும். ஆகவே உங்களைக் காட்டிக்கொடுப்பவை அசைவு, வெளிச்ச-இருட்டு வேறுபாடு, வானத்தின் பின்னணியில் தெரியும் உருவக்கோடு ஆகியவைதான். இவற்றில் எதையும் ஓக் இலை அச்சு மறைக்காது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் காற்று. உங்கள் பக்கமிருந்து மானை நோக்கிக் காற்று அடித்தால், எந்த உடையும் உதவாது.

நீங்கள் போகும் மலையில் பெரும்பாலும் மரமே இருக்காது. ஹெதர் புதர், நவம்பரில் வைக்கோலாக மாறிய புல், பாறை, கறுத்த பீட் சேறு, அவ்வளவுதான். அங்கே காட்டு இலை அச்சுக்கு வேலை இல்லை. தவிர, பொடி அச்சுகள் ஐம்பது அறுபது மீட்டர் தள்ளிப்போனால் ஒன்றோடொன்று கலந்து, ஒரே கறுத்த திட்டாகத் தெரியும். பளிச்சென்ற வெளிர் நிறம் எப்படித் தவறோ, அடர் கறுப்பும் அப்படியே. துணி நனைந்தால் இன்னும் கறுக்கும் என்பதால், நடுத்தர ஆலிவ் பச்சையோ மண் பழுப்போ பொருத்தம். சந்தேகமாக இருந்தால் ஜாக்கெட்டை லேசாக நனைத்துப் புல்வெளியில் விரித்து, செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். தரையின் சாம்பல் நிறமும் துணியின் சாம்பல் நிறமும் ஒட்டிப்போனால் நல்ல தேர்வு.

ட்வீட் என்ற கெட்டிக் கம்பளித் துணியே அந்தக் காலத்து கேமோதான். 19ஆம் நூற்றாண்டில் பல எஸ்டேட்டுகள் தங்கள் மலையின் நிறத்துக்கு ஏற்பத் தனி ட்வீட் நெய்வித்தன. இவற்றில் மிகப் பழையது கிளென்ஃபெஷியினுடையது என்பார்கள். அரச குடும்பத்தின் பால்மோரல் எஸ்டேட்டுக்காக விக்டோரியா ராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் வடிவமைத்தது, தூரத்திலிருந்து பார்த்தால் அந்த ஊர்க் கிரானைட் போலத் தெரியும் சாம்பல் நிறம்.

கடைசியாக ஒரு மரியாதை விஷயம். ராணுவச் சாயலில் விருந்தாளி வந்து நிற்பதைப் பல எஸ்டேட்டுகள் விரும்புவதில்லை. வாங்கும் முன் ஸ்டாக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தள்ளுபடியை விட அவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: அப்படியானால் ட்வீட்டே வாங்கிவிடலாமா? அல்லது மழைக்கோட்டுத் துணியா?

பதில்: அளவெடுத்துத் தைக்கும் மூன்று உருப்படி ட்வீட் சூட் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். ஒரே ஒரு நாளுக்கு அது வீண். ஆனால் ட்வீட்டைக் குறைத்து எடைபோட வேண்டாம். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கினாலும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது, சத்தமும் போடாது. முழுக்க நனைந்தால்தான் தொல்லை: கனக்கும், காய ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

பணத்துக்கு ஏற்ற வழி, கீழே ட்வீட் பிரீக்ஸ், மேலே சத்தமில்லாத நீர்புகா ஜாக்கெட். முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடியும் கால்சட்டைதான் பிரீக்ஸ். முழுக்கால்சட்டையின் ஓரம் ஈர ஹெதரை உரசி உரசி, தண்ணீரைத் திரி போல மேலே இழுக்கும். பிரீக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. அதன் கீழே நீளக் கம்பளிக் காலுறை, பூட்ஸுக்கு மேல் காலைச் சுற்றிக் கட்டும் கெய்ட்டர் உறை. புது பிரீக்ஸ் விலை அதிகமென்றால், பழைய ராணுவத் துணிக் கடைகளில் கம்பளிக் கால்சட்டை மலிவாகக் கிடைக்கும்.

ஜாக்கெட் சீட்டில் நீர் தாங்கும் திறனை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். நின்றுகொண்டு மழையில் நனைய 10,000 போதும். ஆனால் கடைசி நூறு மீட்டரை வயிற்றால் ஊர்ந்துதான் கடப்பீர்கள். முழங்கையிலும் முழங்காலிலும் உடல் எடை அழுத்தும்போது தண்ணீர் உள்ளே தள்ளப்படும். அதனால் 20,000 பாருங்கள். தையல்கள் உள்ளே டேப் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், முழங்கை இரட்டைத் துணியாக இருக்க வேண்டும். கடையில் வெறுமனே நின்று பார்க்காமல், குந்தி, கைகளை முன்னால் நீட்டிப் பாருங்கள். முதுகு வெளியே தெரிந்தால் ஊரும்போது சேறு இடுப்புக்குள் போகும். உள்ளே கம்பளிச் சட்டை போட இடம் இருக்கும்படி ஒரு அளவு பெரிதாக எடுத்தாலும் தப்பில்லை.

உள்ளே பருத்தி பனியன் கூடாது. ஏறும்போது வியர்வையில் நனைந்து, படுத்துக் காத்திருக்கும்போது பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் எடையுள்ள மெரினோ (மெல்லிய கம்பளி) பனியன், மேலே ஒரு ஃப்ளீஸ். ஏறும்போது ஃப்ளீஸைப் பையில் வைத்துக்கொண்டு, நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் நடுவில் காலை எட்டு மணிக்கு விடிந்து மாலை நாலுக்கு இருட்டிவிடும். குளிர் சட்டென்று இறங்கும்.

கேள்வி: போன வருடம் வாங்கிய ஜாக்கெட் இரண்டு முறை துவைத்ததும் ஒழுகுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் ஒழுகியிருக்காது. மேல்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருள ஒரு பூச்சு இருக்கும். சாதாரண சலவைத்தூளின் மிச்சம் அதன்மேல் தங்கித் தண்ணீரைப் பிடித்து இழுக்கும். மேல்துணி ஊறிப்போனால் உள்ளேயிருக்கும் வியர்வை ஆவி வெளியேற வழியில்லை; அது உள்பக்கம் நீராகக் கசியும். அதைத்தான் ஒழுகல் என்று நினைக்கிறோம்.

நீர்புகா துணிக்கென்று விற்கும் சோப்பில் துவைத்து, இரண்டு முறை அலசுங்கள். பராமரிப்புச் சீட்டு அனுமதித்தால், டிரையரில் குறைந்த சூட்டில் உலர்த்துங்கள். அந்தச் சூட்டிலேயே பழைய பூச்சு பல சமயம் உயிர்பெறும். அப்படியும் முத்து உருளவில்லை என்றால் நீர்விலக்குத் திரவம் போடுங்கள். துணியை மிருதுவாக்கும் கண்டிஷனரை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

சலவைத்தூளில் இன்னொரு தீங்கும் உண்டு. துணியைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் ஒளிர்பொருள் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழும். மானின் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிவதே அந்த நீலம்தான். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். ஜாக்கெட் நீல வெள்ளையாக மின்னினால் ஒளிர்பொருள் இருக்கிறது. கடையில் வாங்கும் புதுத் துணியையும், குறிப்பாக மலிவு கேமோவை, இப்படிச் சோதிக்கலாம்.

கேள்வி: ஆரஞ்சுத் தொப்பி போட்டால் மான் ஓடிவிடுமா?

பதில்: நிறத்துக்காக ஓடாது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் கூட்டமாக விரட்டி வேட்டையாடும்போது சக வேட்டைக்காரரின் குண்டுக்குத் தப்பவே ஆரஞ்சு அணிகிறார்கள். ஸ்காட்லாந்து மலையில் ஸ்டாக்கரோடு இரண்டு மூன்று பேர் போவதற்கு அது தேவைப்படாது. ஆனால் பையில் ஒன்று மடித்து வைத்திருங்கள். பனிமூட்டத்தில் வழி தவறினால் தேடி வருபவர்களுக்கு உதவும். தலைக்கு, முகத்தில் நிழல் விழும்படி விளிம்புள்ள மங்கல் தொப்பி. கைக்கு மெல்லிய கையுறை. நம் நிறம் கறுப்புத்தானே என்று விட்டுவிட வேண்டாம். வியர்வை பூத்த நெற்றி எந்த நிறமானாலும் மின்னும். மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகாரமும் அதைவிட அதிகம்.

கேள்வி: கேமோவே வேண்டாமா?

பதில்: தாழ்நிலக் காட்டில் ரோ என்ற சிறு மானுக்காக, ஏணி வைத்த உயர் இருக்கையில் உட்காரும்போது தாராளமாகப் போடலாம். அங்கே மான் இருபது முப்பது மீட்டருக்குள்ளேயே வரும், பின்னணியும் இலைதான். வாங்குவதானால் பெரிய திட்டுகளும் வெளிச்ச-இருட்டு வேறுபாடும் உள்ள அச்சாகப் பாருங்கள். ஒன்று மட்டும்: ஜமைக்கா, பார்படாஸ், டிரினிடாட் பக்கம் விடுமுறைக்குப் போனால் அதை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அங்கே பொதுமக்கள் கேமோ அணிவது சட்டப்படி குற்றம்.