டெக்சாஸ் முகவரி இருந்தால் கலிஃபோர்னியா வரி நின்றுவிடுமா?

கேள்வி: 11 வருடமாக கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம், குடும்பத்தில் எல்லோரும் அமெரிக்கக் குடிமக்கள். கணவரை அவருடைய கம்பெனி 3 வருட ஒப்பந்தத்தில் சிங்கப்பூருக்கு அனுப்புகிறது. மகளுக்குப் பள்ளி முடிய இன்னும் 8 மாதம் இருப்பதால் நானும் அவளும் பிறகுதான் போவோம், வீட்டை வாடகைக்கு விடுவோம். டெக்சாஸிலோ சவுத் டகோட்டாவிலோ ஒரு தபால் முகவரி எடுத்து அதையே எங்கள் மாநிலம் என்று காட்டினால் மாநில வரியே வராது என்கிறார் நண்பர். எந்த மாநிலம் நல்லது?

பதில்: முதலில், அந்த முகவரிக்குப் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் கடிதம் வாங்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வரிக்கு அது உதவாது. கலிஃபோர்னியா பார்ப்பது உங்கள் டொமிசைல் எது என்பதை, அதாவது எங்கே போனாலும் கடைசியில் எந்த வீட்டுக்குத் திரும்புவீர்கள் என்பதை. பழைய டொமிசைல் போக வேண்டுமென்றால் புது இடத்தில் நேரில் போய் வாழ வேண்டும், அங்கேயே இருந்துவிடும் எண்ணமும் வேண்டும். இரண்டும் சேரும்வரை பழையதுதான் தொடரும். ஃப்ரீமான்ட்டில் சொந்த வீடு, 3 வருடத்தில் முடிகிற ஒப்பந்தம், நீங்கள் காலே வைக்காத டெக்சாஸ்: இதைப் பார்க்கிற எந்த அதிகாரியும் நீங்கள் திரும்பி வரப்போகிறவர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

நண்பருடைய கவலை நியாயமானதுதான். மத்திய வரியில் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு விலக்கு இருக்கிறது, 2025-க்கு 1,30,000 டாலர் வரை, அதற்கு மேல் வரும் சம்பளத்துக்கு சிங்கப்பூரில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியா இந்த இரண்டையுமே ஏற்பதில்லை. நீங்கள் கலிஃபோர்னியாவில் ரெசிடென்ட், அதாவது வரிக்கு அந்த மாநிலத்தில் குடியிருப்பவர், என்று ஆகிவிட்டால் சிங்கப்பூர் சம்பளம் முழுவதுக்கும், அங்கே கட்டிய வரியைக் கழிக்காமலே, மாநில வரி வரும், அதன் உச்ச விகிதம் 13.3 சதவீதம்.

ஆனால் உங்களுக்கு வேறு மாநிலமே தேவையில்லை என்பதுதான் என் பதில். வேலை ஒப்பந்தத்தின்பேரில் தொடர்ச்சியாக 546 நாளாவது மாநிலத்துக்கு வெளியே இருப்பவரை, டொமிசைல் மாறாவிட்டாலும், கலிஃபோர்னியாவே நான்-ரெசிடென்ட் என்று ஏற்றுக்கொள்கிறது. உங்கள் கணவரின் 3 வருடம் இதற்குத் தாராளமாகப் போதும், ஆனால் நிபந்தனைகள் இருக்கின்றன. ஒரு வரி ஆண்டில் அவர் கலிஃபோர்னியாவுக்கு வந்து தங்கும் நாட்கள் மொத்தம் 45-ஐத் தாண்டக் கூடாது, நீங்களும் மகளும் இங்கே இருக்கும் அந்த 8 மாதத்தில் அவர் அடிக்கடி வரத்தான் நினைப்பார், அதனால் இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். முடிந்தால் ஒன்றிரண்டு முறை நீங்கள் அங்கே போய் வாருங்கள்.

அப்புறம் வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம் எல்லாம் சேர்த்து ஒப்பந்தக் காலத்தின் எந்த வரி ஆண்டிலும் 2,00,000 டாலரைத் தாண்டக் கூடாது. பல வருடமாகச் சேர்ந்த கம்பெனி பங்குகளை வெளிநாட்டில் இருக்கும்போது ஒரே மூச்சில் விற்று, அந்த ஒரு விற்பனையாலேயே இந்தச் சலுகையை இழக்க வேண்டாம். விற்றே ஆக வேண்டுமென்றால் வருடாவருடம் பிரித்து விற்கலாம்.

உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் உறுத்தியது அந்த 8 மாதம். கலிஃபோர்னியாவில் கணவன் மனைவி சம்பாதிப்பது இருவருக்கும் பொதுச் சொத்து. டொமிசைல் கலிஃபோர்னியாவிலேயே இருப்பதால், அவர் சிங்கப்பூரில் வாங்கும் சம்பளத்தில் பாதி சட்டப்படி உங்களுடையது, நீங்களோ அப்போது இன்னும் ரெசிடென்ட், ஆகவே அந்தப் பாதிக்கு நீங்கள் கலிஃபோர்னியா வரி கட்ட வேண்டிவரும். அவர் வெளியே போய்விட்டார், வேலை முடிந்தது என்று பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மகள் படிப்புக்காகத் தங்குவது உங்கள் முடிவு, அதில் நான் தலையிட மாட்டேன், இந்தப் பணத்தை மட்டும் இப்போதே எடுத்து வையுங்கள். நீங்கள் போன பிறகு கணவரோடு 546 நாள் தொடர்ந்து வெளியே இருந்தால் உங்களுக்கும் அதே சலுகை கிடைக்கும். 8 மாதம் போக மீதி 28 மாதம் இருக்கிறது, சிக்கல் இல்லை.

வீட்டு வாடகை கலிஃபோர்னியா வருமானமேதான், வருடாவருடம் நான்-ரெசிடென்ட்டுகளுக்கான 540என்ஆர் வரிப் படிவம் போட வேண்டும். வீட்டைக் கவனிக்கும் நிறுவனம் வாடகையில் 7 சதவீதத்தை வரிக்காகப் பிடித்தால் பதறாதீர்கள், ரிட்டர்னில் சரிசெய்யலாம். ஆர்எஸ்யு, அதாவது இப்போது தருவதாகச் சொல்லிக் கம்பெனி பிறகு கைக்குக் கொடுக்கும் பங்குகள், அவருக்கு இருந்தால், தருவதாகச் சொன்ன நாளிலிருந்து கைக்கு வரும் நாள்வரை கலிஃபோர்னியாவில் எத்தனை நாள் வேலை பார்த்தாரோ அந்த விகிதத்துக்கு இங்கே வரி உண்டு, சிங்கப்பூரில் இருக்கும்போது கைக்கு வந்தாலும் அப்படித்தான்.

இனி திரும்பவே போவதில்லை என்று முடிவெடுத்தால் மட்டும் வேறு மாநிலத்தை யோசியுங்கள். அதுகூட நேரே சிங்கப்பூரிலிருந்து ஒரு படிவம் போட்டு ஆகிற காரியம் இல்லை. டெக்சாஸிலோ ஃப்ளோரிடாவிலோ போய்க் குடியிருந்து, வாடகை ஒப்பந்தம், லைசென்ஸ், வாக்காளர் பதிவு, கார் பதிவு எல்லாம் மாற்றிவிட்டு அங்கிருந்து கிளம்ப வேண்டும். சவுத் டகோட்டாவில் ஒரு இரவு தங்கிய ரசீதைக் காட்டி லைசென்ஸ் வாங்குவது பிரபலம்தான், ஆனால் அது ஒரு சான்று, அவ்வளவுதான், அதை மட்டும் நம்பிக் கலிஃபோர்னியாவோடு வழக்காட முடியாது. வாஷிங்டனையும் வரியில்லா மாநிலம் என்று சொல்வார்கள், அங்கே பெரிய பங்கு லாபத்துக்கு 2022 முதல் வரி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து மத்தியத் தேர்தல்களுக்கு மட்டும் ஓட்டுப் போட்டால் அது வரி இருப்பிடத்தைப் பாதிக்காது, சட்டமே அப்படிச் சொல்கிறது, ஆகவே பயப்படாமல் போடுங்கள்.

சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, அதனால் போர்டிங் பாஸ்களையும் டிக்கெட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள், நாள் கணக்குக்கு அவைதான் சாட்சி. கணவரின் ஒப்பந்தக் கடிதத்தில் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், இல்லையென்றால் அவர் விமானம் ஏறுவதற்குள் எச்ஆரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.