வோல்டேஜ் மாறிப் போய்ச் சொருகிய சாமான்கள்: கேள்வி-பதில்

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், 120 வோல்ட். மறந்துபோய் நம்ம வீட்டு பிளக்கில் சொருகிவிட்டோம். 'உம்ம்' என்று சத்தம், கருகல் வாடை, பிறகு மூச்சே இல்லை. ஃப்யூஸ் மாற்றினால் போதுமா?

வாடை வந்தபிறகு ஃப்யூஸை மட்டும் நம்ப முடியாது. மாற்றிப் பார்க்கும் முன் டிரான்ஸ்ஃபார்மரைச் சோதியுங்கள்.

பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, பெரிய கெப்பாசிட்டர்களை 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக வடித்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க ஷார்ட் செய்வது வேண்டாம். அடுத்து டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (கரண்ட் உள்ளே வரும் பக்கம்) ஒயர்கள் இரண்டிலும் மல்டிமீட்டரை வையுங்கள். சில ஓம் காட்டினால் காயில் அறுபடவில்லை. ஒன்றுமே காட்டாவிட்டாலும் உடனே கைவிட வேண்டாம். பல டிரான்ஸ்ஃபார்மர்களில் பிரைமரி மேல் சுற்றிய டேப்புக்கு அடியில் சூடேறினால் அறுந்துபோகும் தெர்மல் ஃப்யூஸ் ஒன்று ஒளிந்திருக்கும். இரண்டு மூன்று சுற்று டேப்பைப் பிரித்தால் தெரியும். அதன் உடம்பிலேயே டிகிரியும் ஆம்பியரும் அச்சாகியிருக்கும். அதே அளவில் வாங்குங்கள். சால்டர் வைக்கும்போது அதன் கம்பிக் காலை மூக்குக் குறடால் கவ்விக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சூட்டிலேயே புதுசும் போய்விடும்.

பிறகு செகண்டரி (வெளியே போகும் பக்கம்) ஒயர்களைக் கழற்றிவிட்டு, 230-ஐக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தரும் 120 வோல்ட்டில், 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு பிரைமரிக்குக் கொடுங்கள். பல்பு எரிவதே தெரியாமல் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. நன்றாக எரிந்தால் உள்ளே சுற்றுகள் ஒட்டிவிட்டன, ரீவைண்டிங்தான். அப்படிக் கொடுப்பதானால் பிரைமரியை 230-க்கே சுற்றச் சொல்லுங்கள். செகண்டரி வோல்டேஜ்களை, குறிப்பாக காயிலின் நடுவிலிருந்து வரும் ஒயர் (சென்டர் டேப்) எது என்பதை, எழுதிக் கொடுங்கள். இனி ஸ்டெப் டவுனே தேவைப்படாது. ஃப்யூஸ் அளவு மட்டும் பாதியாகும்: 4 ஆம்பியர் இருந்த இடத்தில் 2. பின்பக்கம் 'டிவிடி பிளேயர் சொருக' என்று பிளக் பாயின்ட் இருந்தால் அதைத் துண்டித்துவிடுங்கள். அதிலும் இப்போது 230 வரும்.

ஸ்பீக்கரைக் கடைசியாக மாட்டுங்கள். இரண்டு மடங்கு வோல்டேஜ் செகண்டரி வரை போயிருக்கும். ஃபில்டர் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா, அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்டா என்று பார்த்தபிறகுதான் அது.

கம்ப்யூட்டர் பின்னால் இருந்த சிவப்பு சுவிட்சை என் பையன் 115-க்குத் தள்ளிவிட்டான். ஆன் செய்ததும் படார் என்று வெடித்தது. எல்லாம் போச்சா?

பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் தரும் பெட்டி) மட்டும்தான். அந்த சுவிட்ச் 115-இல் இருந்தால் உள்ளே வரும் வோல்டேஜை இரட்டிப்பாக்கும். 230 வோல்ட் ஏசி வழக்கமாக 325 வோல்ட் டிசியாக மாறும். இரட்டித்தால் 650. 200 வோல்ட் தாங்கும் இரண்டு கெப்பாசிட்டர்கள் அதைப் பாதிப் பாதியாக, ஆளுக்கு 325 என்று வாங்கிக்கொண்டால் வெடிக்காமல் என்ன செய்யும்? ஃப்யூஸ், கெப்பாசிட்டர் இரண்டு, அவற்றின் குறுக்கே இருக்கும் வேரிஸ்டர்கள் (வோல்டேஜ் எகிறினால் ஷார்ட் ஆகிக் காப்பவை), ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் எல்லாம் மாற்றலாம்தான். ஆனால் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அந்த மெனக்கெடல் வீண், புதுசு வாங்குங்கள். மதர்போர்டை வேறு எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டிப் பாருங்கள், பல நேரம் பிழைத்திருக்கும்.

தெருவில் நியூட்ரல் கட் ஆகி பல்பெல்லாம் பளிச்சென்று எரிந்தது. டிவி செத்துவிட்டது. மெக்கானிக் ஃப்யூஸ் மாற்றினார், அதுவும் உடனே போனது. ஏன்?

இரண்டு பேஸுக்கு நடுவே 415 வோல்ட். நியூட்ரல் அறுந்தால் உங்கள் வீடும் பக்கத்து பேஸ் வீடுகளும் சீரிஸில் மாட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் லோடு குறைவோ அந்தப் பக்கம் வோல்டேஜ் ஏறும். 350-க்கு மேலும் போகலாம். ஏசியும் ஹீட்டரும் ஓடாத வீட்டுக்குத்தான் அடி அதிகம்.

பவர் போர்டில் ஃப்யூஸுக்குப் பக்கத்தில் பொட்டு மாதிரி நீல வட்டமாக ஒன்று இருக்கும். அதுதான் வேரிஸ்டர், 471 என்று போட்டிருந்தால் 300 வோல்ட் ஏசி வரை தாங்கும். அதற்கு மேலே போனால் தானே ஷார்ட் ஆகி ஃப்யூஸை எரித்து மற்றதைக் காப்பாற்றும். ஷார்ட் ஆன வேரிஸ்டரை விட்டுவிட்டு ஃப்யூஸை மட்டும் மாற்றினால் எத்தனை போட்டாலும் போகும். வேரிஸ்டரைக் கழற்றியபிறகும் ஷார்ட் காட்டினால் வரிசையாக பிரிட்ஜ், மாஸ்ஃபெட் (ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர்) பாருங்கள். மெயின் கெப்பாசிட்டர் உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபாரட், 450 வோல்ட் போடுங்கள்.

எல்லாம் மாற்றியபின் நேராக சொருகாதீர்கள். 60 வாட் பல்பு சீரிஸில்: ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் சரி, முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. ஃப்யூஸ் இடத்தில் செம்புக் கம்பி முறுக்கித் தருகிறேன் என்பவரிடம் டிவியைக் கொடுக்காதீர்கள்.

12 வோல்ட் வைஃபை ரூட்டரில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் சொருகிவிட்டேன்.

டிசி ஜாக்கின் இரண்டு முனையில் மீட்டர் வையுங்கள். பூஜ்ஜியம் அருகே ஓம் காட்டினால் நல்ல சகுனம்: ஜாக்கை ஒட்டிய பாதுகாப்பு டையோடு பலியாகியிருக்கலாம். அதை எடுத்ததும் ஷார்ட் நீங்கினால் 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். டையோடு இல்லாமலும் ஓடும், ஆனால் அடுத்த தப்புக்குக் காவல் இருக்காது, புதுசு போட்டுவிடுங்கள். ஷார்ட் நீங்காவிட்டால் அடுத்த சந்தேகம் 12-ஐக் குறைத்துத் தரும் ஐசி. அது உள்ளுக்குள் ஒட்டி 19 வோல்ட்டை அப்படியே பிராசசருக்கு விட்டிருந்தால் ரூட்டரைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

நம்ம ஊர் மிக்சியையும் வெட் கிரைண்டரையும் அமெரிக்காவுக்கு எடுத்துப் போகலாமா? அங்கிருந்து மைக்ரோவேவ் கொண்டு வரலாமா?

750 வாட் மிக்சிக்கு 1500 விஏ ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்; மாவு இறுகும்போது மோட்டார் இழுப்பது போர்டில் எழுதியிருப்பதைவிட அதிகம். கார்பன் பிரஷ் மோட்டார் என்பதால் 60 ஹெர்ட்ஸ் அதைப் பாதிக்காது. கிரைண்டரில் பெரும்பாலும் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். 60 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 20 சதவீதம் வேகமாகச் சுற்றும், இழுவை குறையும். அங்கே விற்கும் 110 வோல்ட் கிரைண்டரை வாங்குவதே மேல்.

மைக்ரோவேவ் வேண்டாம். ஸ்டெப் டவுன் போட்டாலும் வோல்ட்தான் மாறும், ஹெர்ட்ஸ் மாறாது. 60-க்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் சூடேறும். பல மாடல்களில் கடிகாரமும் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை எண்ணித்தான் ஓடுகிறது; மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.