வடிதண்ணீரைத் திரும்ப இறைக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வெங்காயப் பாத்திகளிலிருந்து வடிகிற தண்ணீரைக் காணியின் பள்ளத்தில் வெட்டிய குழியில் சேர்க்கிறேன். கிழமைக்கு ஒருதரம் அதன் மின்கடத்துதிறன் (கரைந்துள்ள உப்பு கூடக் கூட இது ஏறும்) அளக்கிறேன். பத்துக் கிழமை அளவுகள், மீற்றருக்கு டெசிசீமென்ஸ் என்ற அலகில்: 1.40, 1.50, 1.45, 1.55, 1.45, 1.55, 1.60, 1.50, 1.40, 1.60. கடைசிக் கிழமை ஏறிவிட்டதே, உவர்க்கத் தொடங்கிவிட்டதா? கிணற்றுத் தண்ணீர் 0.5. கலந்து இறைக்கலாமா?
— வாசகர், சண்டிலிப்பாய்

பதில்: உவர்க்கவில்லை. 1.40 இலிருந்து 1.60 க்கு ஏறியது இந்தக் குழியின் வழக்கமான ஏற்ற இறக்கம்தான். இதைக் கண்ணால் மதிப்பிடாமல் கணக்கால் காணலாம். வழக்கமான ஏற்ற இறக்கத்தையும் உண்மையான மாற்றத்தையும் பிரித்துக் காட்ட, 1924 இல் அமெரிக்கரான வால்டர் ஷூஹார்ட் தொழிற்சாலைப் பொருள்களுக்காக வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம் தோட்டத்துத் தண்ணீருக்கும் பொருந்தும்.

முதலில் பத்து அளவுகளின் சராசரி: 1.50. அடுத்து, ஒவ்வொரு கிழமைக்கும் அதற்கு முந்திய கிழமைக்கும் உள்ள வித்தியாசம், கூடினாலும் குறைந்தாலும் நேர் எண்ணாக: 0.10, 0.05, 0.10, 0.10, 0.10, 0.05, 0.10, 0.10, 0.20. இந்த ஒன்பதின் சராசரி 0.10. அதை 2.66 ஆல் (இவ்வகை வரைபடத்துக்கென்று உள்ள மாறாத எண்) பெருக்கினால் 0.27. சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை 1.77, கழித்தால் கீழ் எல்லை 1.23. சதுரக்கோட்டுக் கொப்பியில் சராசரிக்கு நடுக்கோடும் இரண்டு எல்லைகளுக்கும் ஒவ்வொன்றுமாக மூன்று கோடு இழுத்துக் கிழமைக்கொரு புள்ளி வையுங்கள். பத்துப் புள்ளியில் போட்ட எல்லை தற்காலிகமானது. இருபது சேர்ந்ததும் திரும்பக் கணக்கிடுங்கள்.

புள்ளி எல்லையைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். எல்லைக்குள்ளேயே நின்றாலும், தொடர்ந்து எட்டுப் புள்ளி நடுக்கோட்டுக்கு மேலேயே விழுந்தால் தண்ணீர் மாறிவிட்டது என்றே கொள்ளுங்கள். கோடையில் கிணற்றை அளவுக்கு மீறி இறைத்துக் கீழிருந்து உவர் ஏறும்போது இப்படித்தான் மெதுவாகத் தெரியும். மாரிகாலப் புள்ளிகளையும் கோடைப் புள்ளிகளையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள். எல்லை அகன்று, உண்மையான மாற்றம் அதற்குள் ஒளிந்துவிடும்.

இனி மிக முக்கியமானது: வரைபடத்தின் எல்லை வேறு, பயிரின் எல்லை வேறு. தண்ணீர் ஒரே சீராக இருக்கிறது என்பதுதான் வரைபடம் சொல்வது. நல்ல தண்ணீர் என்று அது சொல்லாது. ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் 1985 வழிகாட்டியின்படி, விளைச்சல் குறையாதிருக்க வெங்காயத்துக்கு இறைக்கும் தண்ணீர் மீற்றருக்கு 0.8 டெசிசீமென்ஸுக்கு மேற்படக் கூடாது, 1.2 ஆனால் விளைச்சலில் பத்திலொன்று போகும், 1.8 இல் கால்வாசி போகும். உங்கள் குழித் தண்ணீர் தனியாக வெங்காயத்துக்கு ஆகாது.

கலவையைச் சராசரியை வைத்துக் கணக்கிடாமல் மேல் எல்லையை வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு பங்கு குழித் தண்ணீர், நான்கு பங்கு கிணற்றுத் தண்ணீர்: 1.77 உடன் நான்கு தரம் 0.5 ஐக் கூட்டி ஐந்தால் பிரித்தால் 0.75. எல்லைக்குள் வரும் மிக மோசமான கிழமையிலும் தாங்கும். ஆயிரம் லீற்றர்த் தொட்டிக்கு 200 லீற்றர் குழித் தண்ணீர், 800 கிணற்றுத் தண்ணீர். பீற்றூட் போட்டால் கலக்கவே தேவையில்லை, அது 2.7 வரை பொறுக்கும். முளைக்கும் கட்டத்தில் மட்டும் கிணற்றுத் தண்ணீர் விடுங்கள்.

கேள்வி: மின்கடத்துதிறன் அளக்கும் மீற்றர் வரவரக் குறைத்துக் காட்டுகிறது. தண்ணீர் நாக்குக்கு முன்போலவே உவர்க்கிறது.
— வாசகி, கோப்பாய்

பதில்: மீற்றரின் முனையைப் பாருங்கள். நம் யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணக்கல்லிலிருந்து வருவது. கழுவாமல் காயவிட்டால் உலோகத்தில் வெள்ளைப் பொருக்குப் படியும், அளவு குறையும். வினாகிரியில் பத்து நிமிடம் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். பிறகு 1.413 என்று குறித்த சீராக்கற் கரைசலில் வைத்துச் சரிபாருங்கள். அந்த வாசிப்பையும் ஒவ்வொரு தடவையும் கொப்பியில் எழுதினால், மாறியது தண்ணீரா மீற்றரா என்ற குழப்பம் வராது. மாதிரியை ஒரே நேரத்தில், இறைப்புக்கு முன், மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே, அடிச்சேறு கலங்காமல் எடுங்கள். போத்தலை முதலில் அதே தண்ணீரால் மூன்று தரம் அலசுங்கள்.

கேள்வி: வடிதண்ணீரில் பசளை இருக்கும்தானே? யூரியாவைக் குறைக்கலாமா?
— வாசகர், புன்னாலைக்கட்டுவன்

பதில்: குறைக்கவே வேண்டும். வடிதண்ணீரில் கரைந்து வரும் பசளையின் நைதரசன் பெரும்பாலும் நைத்திரேற்று என்ற உப்பாக இருக்கும்; அதைப் பயிர் எடுக்காவிட்டால் கல் வெடிப்புகளூடாக நாம் குடிக்கும் கிணற்றுக்குத்தான் போகும். ஆய்வுகூட அறிக்கை நைத்திரேற்றாக எழுதியிருந்தால் 4.43 ஆல் பிரித்து நைதரசனாக்குங்கள். இதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். கலந்தபின் லீற்றருக்கு 20 மில்லிகிராம் நைதரசன் என்றால், ஒரு பரப்புக் காணிக்கு 6,000 லீற்றர் இறைக்கையில் 120 கிராம் போகும். அது ஏறக்குறைய 260 கிராம் யூரியாவுக்குச் சமம். அறுவடை நெருங்கும்போது வடிதண்ணீரை நிறுத்துங்கள். கடைசியில் நைதரசன் கூடினால் வெங்காயத்தின் கழுத்துத் தடித்து, கட்டித் தூக்கியபின் அழுகும்.

மின்கடத்துதிறன் உப்பை மட்டுமே காட்டும். பூச்சிமருந்தும் கிருமியும் அதில் தெரியாது. பச்சையாகச் சம்பலுக்கு அரிகிற வல்லாரைக்கு இந்தத் தண்ணீரை விடாதீர்கள்.