உலோகச் சட்டகம், ஸ்லாட், ஃபீட்: சாதன உறை ஆன்டெனாக்களின் காப்புரிமை பற்றிச் சில கேள்விகள்

கைபேசி, மடிக்கணினி, கைக்கடிகாரம் போன்றவற்றின் வெளியுறைக்குள்ளோ வெளியுறையாகவோ அமையும் ஆன்டெனாவுக்குக் காப்புரிமை கேட்டால் பரிசோதகர் எதைப் பார்ப்பார்? இதையொட்டி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் விண்ணப்பத்துக்கு வந்த பரிசோதனை அறிக்கைக்குப் பதில் எழுதும்முன் உங்கள் காப்புரிமை முகவரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: உலோகச் சட்டகத்தையே ஆன்டெனாவாக்குவது இன்று எல்லாக் கைபேசியிலும் இருக்கிறது. இனிமேல் காப்புரிமை வாங்க இதில் என்ன மிச்சம்?

நிறைய மிச்சம் இருக்கிறது. ஆனால் "சட்டகமே ஆன்டெனா" என்ற அளவில் ஒன்றும் இல்லை. 1998-இல் வந்த நோக்கியா 8810-இலேயே ஆன்டெனா உள்ளே போய்விட்டது. 2010-இல் ஐபோன் 4 தன்னைச் சுற்றியிருந்த துருப்பிடிக்காத எஃகுப் பட்டையையே ஆன்டெனாவாக்கியது. கை பட்டால் சிக்னல் குறைகிறது என்ற புகாரும், அதற்காக இலவசமாகக் கொடுத்த பம்பர் உறையும் பலருக்கு நினைவிருக்கும். பொதுவான யோசனை அன்றே பழசாகிவிட்டது.

மின்னோட்டம் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் இன்றைக்கும் புதுமை இருக்கிறது. வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் மூன்று கைபேசிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சட்டகத் துண்டே கதிர்வீசும் கை. இன்னொன்றில் சட்டகம் வெறும் கிரவுண்டு, அதாவது மின்னோட்டம் திரும்பும் பொதுத் தளம். அதற்கும் சர்க்யூட் போர்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ஸ்லாட்டாக, அதாவது தானே கதிர்வீசும் திறப்பாக, வேலை செய்கிறது. மூன்றாவதில் சட்டகம் தடைதான். அதிலுள்ள பிளாஸ்டிக் ஜன்னல் வழியாக உள்ளே இருக்கும் ஆன்டெனா வெளியே பார்க்கிறது. மூன்றுக்கும் கிளெய்ம், அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று எல்லை வகுக்கும் வாசகம், வேறு வேறு.

காப்புரிமை ஆவணங்களைத் துறைவாரியாக அடுக்கும் வகைப்பாட்டுக் குறியீடுகளிலும் இந்தப் பிரிவு தெரியும். கையடக்கச் சாதனத்தில் பதிந்த ஆன்டெனாக்கள் எச்01கியூ 1/24-இன் கீழ் வரும். ஷார்ட் செய்த தட்டை ஆன்டெனாவுக்கு 9/04, ஸ்லாட்டுக்கு 13/10. தொலைபேசியின் கட்டமைப்பு என்றால் எச்04எம் 1/02. பரிசோதகர் இவை எல்லாவற்றிலும் தேடுவார். "ஒரு வெளியுறையும் அதில் ஓர் ஆன்டெனாவும்" என்று மட்டும் எழுதினால் இத்தனை வருஷக் குவியலும் அந்த ஒரு வரியின் மேல் விழும். ஒரு கிளெய்ம் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது ஃபீட் (சிக்னல் ஆன்டெனாவுக்குள் நுழையும் இடம்) எங்கே, கிரவுண்டு எங்கே என்பதைத்தான். இரண்டும் இல்லையென்றால் முதல் அறிக்கையில் என்ன வரும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கேள்வி: "2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரை ரிட்டர்ன் லாஸ் 10 டெசிபலுக்கு மேல் இருக்குமாறு அமைந்த ஆன்டெனா" என்று எழுதினோம். தெளிவில்லை என்று மறுத்துவிட்டார்கள். எண்ணைவிடத் தெளிவாக என்ன எழுதுவது?

இதில் நான் பரிசோதகர் பக்கம். 10 டெசிபல் என்றால் அனுப்பிய திறனில் பத்தில் ஒரு பங்கு மட்டும் திரும்பி வருகிறது. நல்ல ஆன்டெனா எதுவாக இருந்தாலும் அதை எட்டும். நீங்கள் கேட்பது விளைவுக்கான உரிமை. அந்த விளைவைக் கொண்டுவரும் அமைப்பு கிளெய்மில் இல்லை. ஐரோப்பாவில் காப்புரிமை உடன்படிக்கையின் 84-ஆம் பிரிவின் தெளிவு ஆட்சேபம் இப்படித்தான் வரும். அமெரிக்காவில் வேறு வடிவத்தில் வரும்: சாதனக் கிளெய்மில் சாதனம் என்னவாக இருக்கிறது என்பதுதான் கணக்கு. அதே அமைப்பு பழைய ஆவணத்தில் இருந்தால், அந்த அலைவெண்ணில் அதுவும் வேலை செய்யும் என்று எடுத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை உங்கள் தலையில் வைப்பார்கள்.

இன்னொரு சிக்கல், எங்கே வைத்து அளந்தீர்கள் என்பது. மேசையில் தனியாக வைத்தபோதா, கையில் பிடித்தபோதா, பேட்டரியும் திரையும் பொருத்திய பிறகா? அதே ஆன்டெனா மூன்றிலும் மூன்று எண்களைக் காட்டும். அளவீட்டு நிலை சொல்லாத எண் எல்லையாகாது.

அந்த விளைவு எதனால் வந்ததோ அதை எழுதுங்கள். உதாரணமாக: ஸ்லாட்டின் ஒரு முனை மூடியிருக்கிறது, மறுமுனை சட்டகத்தின் ஓரத்தில் திறந்திருக்கிறது, ஃபீட் கோடு மூடிய முனைக்கும் ஸ்லாட்டின் நடுப்பகுதிக்கும் இடையே ஸ்லாட்டைக் கடக்கிறது. நீளத்தை மில்லிமீட்டரில் எழுத அவசரப்படாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளம் 125 மி.மீ., கால் அலைநீளம் ஏறக்குறைய 31 மி.மீ. நீங்கள் 31 என்று எழுதிவிட்டால், போட்டியாளர் ஸ்லாட்டில் மின்கடத்தாத் திறன் அதிகமான பிளாஸ்டிக்கை நிரப்பி நீளத்தைக் குறைத்துக்கொண்டு உங்கள் எல்லைக்கு வெளியே நிற்பார். "முதல் அலைவெண்ணில் கால் அலைநீள மின்நீளம்" (ஸ்கேல் காட்டும் நீளமல்ல, அலை உணரும் நீளம்) என்பது அவரையும் பிடிக்கும். அதை எப்படிக் கணக்கிடுவது என்று விண்ணப்பத்தின் விவரணையில் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். டெசிபல் எண்களும் வரைபடங்களும் விவரணையில் இருக்கட்டும். கண்டுபிடிப்புத் திறனுக்காக, அதாவது இது எளிதில் தோன்றாதது என்று, வாதாடும் நாளில் அவை கை கொடுக்கும்.

கேள்வி: மடிக்கணினியின் கீல் பக்கத்து ஆன்டெனா பற்றிய ஓர் ஆவணத்தையும் கைபேசிச் சட்டகம் பற்றிய இன்னொன்றையும் சேர்த்து, எங்கள் கண்டுபிடிப்பு எளிதில் தோன்றக்கூடியது என்கிறார் பரிசோதகர். இரண்டையும் சேர்க்க யாருக்குத் தோன்றும்?

"மடிக்கணினி வேறு, கைபேசி வேறு" என்ற வாதத்தை மட்டும் நம்பாதீர்கள். அநேகமாக எடுபடாது. சட்டம் கற்பனை செய்யும் அந்தத் துறை நிபுணர் ஓர் ஆன்டெனா பொறியாளர். இரண்டு சாதனங்களையும் அறிந்தவர் என்றே வைத்துக்கொள்வார்கள்.

நான் செய்யச் சொல்வது முதலில் மிகச் சலிப்பான வேலை. இரண்டு ஆவணங்களையும் எடுத்து, உங்கள் கிளெய்மின் ஒவ்வொரு உறுப்புக்கும் எதிரே அங்குள்ள படத்தின் எண்ணைக் குறியுங்கள். பிறகு பரிசோதகர் சொன்னபடியே சேர்த்துப் பாருங்கள். கிடைப்பது உண்மையில் உங்கள் கிளெய்ம்தானா? பல நேரம் இல்லை. டியூனிங் சுவிட்ச் (ஆன்டெனாவின் அலைவெண்ணை மாற்றுவது) இரண்டு ஆவணத்திலும் இருக்கும். ஆனால் ஒன்றில் அது ஃபீட் பக்கத்தில், மற்றொன்றில் போர்டின் மேல். உங்களுடையதில் ஸ்லாட்டின் எதிர் விளிம்புக்கும் கிரவுண்டுக்கும் நடுவில். அப்படியென்றால், சேர்க்கத் தோன்றுமா என்ற கேள்விக்கே போக வேண்டாம். சேர்த்தாலும் உங்கள் கிளெய்ம் கிடைக்கவில்லை. இதைச் சரிபார்க்காமலே பல பதில்கள் பக்கம் பக்கமாக "பின்னோக்கிய பார்வை" (விடை தெரிந்த பிறகு எளிது என்பது) என்று குற்றம் சாட்டுகின்றன. பரிசோதகருக்கு அது பழகிய சத்தம்.

எல்லா உறுப்பும் அங்கே இருந்தால் அடுத்த வழி இயற்பியல். மடிக்கணினியைத் திறந்தால் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே, இரண்டு கீல்களுக்கு இடையில் ஓர் இடைவெளி உருவாகும். அந்த ஆவணத்தில் அந்த இடைவெளியே ஸ்லாட்; அதன் நீளத்தைத் தீர்மானிப்பவை கீல்கள். அந்தக் கைபேசிச் சட்டகத்தில் கீலும் இல்லை, அந்த இடைவெளியும் இல்லை. அந்த ஸ்லாட்டைக் கைபேசிக்குக் கொண்டுவர முதல் ஆவணத்தின் செயல்படும் முறையையே மாற்ற வேண்டும் என்று குறுக்குவெட்டுப் படத்தோடு காட்டுங்கள். ஐரோப்பிய அலுவலகம் "செய்திருக்க முடியுமா" என்பதோடு நிற்காமல் "செய்திருப்பாரா" என்று கேட்கும். அமெரிக்காவில் உச்ச நீதிமன்றத்தின் 2007 கேஎஸ்ஆர் தீர்ப்புக்குப் பிறகு, சேர்க்கச் சொல்லும் வரி ஆவணத்திலேயே இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் ஏன் சேர்ப்பார் என்பதற்குப் பரிசோதகர் காரணம் சொல்லியாக வேண்டும். அவர் சொன்ன காரணம் "செயல்திறன் கூடும்" என்ற ஒற்றை வாக்கியமா? எந்தச் செயல்திறன், எதனால் கூடும் என்று கேளுங்கள்.

இந்தியாவில் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவையும் மனதில் வையுங்கள்: தெரிந்த சாதனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியாகப் பார்த்தால் அது கண்டுபிடிப்பே அல்ல. சட்டகத்தில் வெட்டிய பிளவு பக்கத்து ஆன்டெனாவுடனான பிணைப்பையும் குறைக்கிறது என்றால், அந்த ஒட்டுறவை விண்ணப்பம் போடும் நாளிலேயே எழுதிவிடுங்கள். பிறகு வாதத்தில் மட்டும் சொன்னால் பலம் குறைவு.

கேள்வி: எங்கள் சட்டகப் பிளவின் அகலம் 1.2 மி.மீ.; பழைய ஆவணத்தில் 1 முதல் 2 மி.மீ. வரை. இது போதுமா?

பெரும்பாலும் போதாது. பிளவின் அகலம் மாறினால் கெபாசிட்டன்ஸ் மாறும், அதோடு ஒத்ததிர்வும் நகரும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த திருகைத் திருகிச் சரியான இடத்தில் நிறுத்துவது வழக்கமான வேலையாகவே கருதப்படும். 1.2 அருகில் எதிர்பாராத ஏதோ நடக்கிறது என்று, வரம்புக்கு உள்ளேயும் வெளியேயும் எடுத்த அளவீடுகளோடு காட்ட முடிந்தால் மட்டும் போராடுங்கள். வளைகோடு சீராக ஏறி இறங்கினால், அந்த எண்ணைச் சார்புக் கிளெய்முக்கு (முதன்மைக் கிளெய்மைச் சார்ந்து கூடுதல் விவரம் சேர்ப்பது) அனுப்பிவிட்டு வேறு வித்தியாசத்தைத் தேடுவது நல்லது.

கேள்வி: பதில் எழுதும்போது எங்கள் படத்திலிருந்தே அளவெடுத்துக் கிளெய்மில் சேர்க்கலாமா?

வேண்டாம். அளவு விகிதப்படி வரைந்தது என்று சொல்லாத படத்தில் ஸ்கேல் வைத்து அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை. இதே விதி பரிசோதகருக்கும் பொருந்தும். பழைய படத்தில் அவர் இப்படி அளந்திருந்தால் தாராளமாக ஆட்சேபியுங்கள். ஆனால் படத்தில் தெளிவாகத் தெரியும் வடிவத்தையும் இணைப்பையும் இரு தரப்பும் பயன்படுத்தலாம்.

இதைவிட ஆபத்தான திருத்தம் ஒன்று உண்டு. விவரணையில் வளைந்த ஸ்லாட்டும் அதன் குறுக்கே ஒரு கெபாசிட்டரும் சேர்ந்தே வருகின்றன என்று வையுங்கள். பழைய ஆவணத்தைத் தாண்டுவதற்காக வளைந்த ஸ்லாட்டை மட்டும் உருவிக் கிளெய்மில் போடுகிறீர்கள். ஐரோப்பாவில், தாக்கல் செய்ததைத் தாண்டித் திருத்தக்கூடாது என்ற 123(2) பிரிவு உடனே குறுக்கே வரும்: அந்த இரண்டும் சேர்ந்துதான் ஒத்ததிர்வைத் தருகின்றன, பிரித்தெடுத்த வடிவம் நீங்கள் முதலில் தாக்கல் செய்ததில் இல்லை. ஆன்டெனாவில் எல்லாம் எல்லாவற்றோடும் பேசும் என்பதால் இந்தத் துறையில் இந்தப் பொறியில் அடிக்கடி மாட்டுகிறார்கள். கெபாசிட்டர் இல்லாமலும் ஸ்லாட் வேலை செய்யும் என்றால், அதை ஒரு வாக்கியமாகவாவது தொடக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: நாங்கள் "வெளியுறை" என்று எழுதினோம். பழைய ஆவணத்தில் கைபேசிக்குள் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாங்கியைக் காட்டி இதுதான் அது என்கிறார்கள். இது நியாயமா?

எரிச்சலாக இருக்கும், ஆனால் அனுமதிக்கப்பட்டது. பரிசோதனையின்போது சொற்களுக்கு நியாயமான எல்லைக்குள் மிகப் பரந்த பொருளைத்தான் கொடுப்பார்கள். அகராதியோடு சண்டை போடுவதை விட, "பயனர் கை தொடும் வெளிப்பரப்பாக அமைந்த" என்பதுபோல ஒரு வரியைச் சேர்ப்பது வேகமான வழி. அந்த வரிக்கு விவரணையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

கேள்வி: சாதனம் ரேடியோ சான்றிதழுக்குப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு விண்ணப்பம் போடலாமா?

முன்பே போடுங்கள். அமெரிக்காவில் எஃப்சிசி (தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) சான்றிதழ் கிடைத்ததும், சாதனத்தைத் திறந்து எடுத்த உட்புறப் படங்கள் பொதுவில் வந்துவிடும். அவற்றுக்குக் குறுகிய கால ரகசியம் கேட்கலாம். அதுவும் அதிகபட்சம் 180 நாள். ஆன்டெனா துண்டுகள், ஃபீட் தொடும் இடம், ஸ்பிரிங் காண்டாக்ட் எல்லாம் அந்தப் படங்களில் பளிச்சென்று தெரியும். விற்பனைக்கு வந்த சாதனத்தைப் பிரித்துப் பார்த்தாலும் அப்படியே. பிரித்து ஆராய யாருக்கும் காரணம் இருந்ததா என்பது ஐரோப்பாவில் பொருட்டில்லை என்று ஐரோப்பியக் காப்புரிமை அலுவலக மேல்முறையீட்டு வாரியத்தின் 1992-ஆம் ஆண்டு ஜி 1/92 முடிவு சொல்லிவிட்டது. அமெரிக்காவில் உங்கள் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு சலுகைக் காலம் உண்டு. ஐரோப்பாவில் நம்பிக்கைத் துரோகம், அங்கீகரிக்கப்பட்ட சர்வதேசக் கண்காட்சி போன்ற மிகக் குறுகிய விதிவிலக்குகள்தான். ரகசிய ஒப்பந்தத்தின் கீழ் சப்ளையரிடம் கொடுத்த படம் வெளியீடாகாது. ஒப்பந்தம் கையெழுத்தான தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிமுலேஷன் மட்டுமே இருக்கிறது, மாதிரி செய்யவில்லை. ஏற்பார்களா?

ஏற்பார்கள். துறை அறிந்தவர் படித்துச் செய்ய முடிய வேண்டும், அவ்வளவுதான். பொருளின் மின்கடத்தாத் திறன், தடிமன், கிரவுண்டின் அளவு, ஃபீட் இடம் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: உடலில் பாயும் கதிர்வீச்சு அளவு, அதாவது எஸ்ஏஆர் வரம்பை மீறவில்லை என்று காப்புரிமை அலுவலகத்துக்குக் காட்ட வேண்டுமா?

வேண்டாம். கிலோவுக்கு 1.6 வாட் என்ற அமெரிக்க வரம்பும் 2 வாட் என்ற ஐரோப்பிய வரம்பும் சாதனத்தை விற்பதற்கான விதிகள். ஆனால் அந்த வரம்பைக் காக்க நீங்கள் செய்த ஏற்பாடு கிளெய்முக்கு நல்ல தீனி. அதே சட்டகத் துண்டு ரேடியோ அலைவெண்ணில் ஆன்டெனாவாகவும், தாழ்ந்த அலைவெண்ணில் கை அருகில் வருவதை உணரும் மின்முனையாகவும் வேலை செய்கிறது, இரண்டையும் ஓர் இண்டக்டரும் ஒரு கெபாசிட்டரும் பிரிக்கின்றன என்றால், அந்த இரண்டு உதிரிகளும் எங்கே எதோடு இணைகின்றன என்பதைச் சார்புக் கிளெய்மாக இன்றே எழுதிவிடுங்கள்.