படர்க்கையும் முன்னிலையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு திருப்பலியில் நம்பிக்கை அறிக்கை சொல்லும்போது, "உண்மைக் கடவுளினின்று உண்மைக் கடவுளாக" என்னும் இடத்தில் என் குரல் தானாகவே தணிந்துவிடுகிறது. மற்ற மன்றாட்டுகளை மனமொப்பியே சொல்கிறேன். இயேசுவின் மலைப்பொழிவின்படி வாழவும் முயல்கிறேன். இயேசுவைக் கடவுள் என்று அறிக்கையிடுவது மட்டும், பேரரசர் ஒருவர் 325இல் கூட்டிய சங்கத்தின் தீர்மானத்தை ஒப்பிப்பதாகப் படுகிறது. நம்பாமல் சொல்வது பொய்யல்லவா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் சங்கத்துக்காக நிசேயாவில் ஆயர்களைக் கூட்டியவர் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்பது உண்மையே. ஆனால் நிசேயா நகரம் அமைந்திருந்த பித்தினியாவை கி.பி. 112 வாக்கில் ஆண்ட ரோம ஆளுநர் பிளினி, தாம் விசாரித்தவர்கள் சொன்னதாகப் பேரரசர் டிராஜனுக்கு ஒரு செய்தி எழுதியிருக்கிறார்: கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகக் கொண்டு பாடுவார்களாம். ஆக, சங்கம் கூடியபோது அந்தப் பாட்டுக்கு வயது இருநூறைத் தாண்டியிருந்தது.

சங்கத்தில் எழுந்த வழக்கும் இந்தத் தொழுகையைப் பற்றியதுதான். அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ், இறைமகன் இயேசுவை மிக உயர்வாகப் போற்றியவர். தம் கருத்தைப் பாட்டாகக்கூட எழுதியவர். ஆயினும் அந்த இறைமகனும் படைக்கப்பட்டவரே என்றார். அப்படியானால் அவரைத் தொழுவது படைப்பைத் தொழுவதாகாதா என்பது, பின்னாளில் அலெக்சாந்திரியாவின் ஆயராகி ஐந்து முறை நாடுகடத்தப்பட்ட அத்தனாசியுஸ் எழுப்பிய கேள்வி. "உண்டாக்கப்பட்டவர் அல்லர்" என்னும் வரி அறிக்கையில் நிற்பது அதனால்தான்.

இனி உங்கள் குரலுக்கு வருகிறேன். அதே திருப்பலியின் தொடக்கத்தில் "கிறிஸ்துவே, இரக்கமாயிரும்" என்று நீங்கள் தயங்காமல் சொல்கிறீர்கள். புனிதர்களின் மன்றாட்டுமாலையில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்கிறோமே தவிர, எந்தப் புனிதரிடமும் இரக்கமாயிரும் என்று கேட்பதில்லை. சாக்ரடீஸை நேசிப்பவர்களும் அவரிடம் பாவமன்னிப்புக் கேட்பதில்லை. மன்றாட்டில் நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டதைத்தான் அறிக்கையில் தரத் தயங்குகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அறிக்கை படர்க்கையில் பேசுவதால் அது சாட்சிக்கூண்டில் நின்று சொல்லும் வாக்குமூலம் போல் ஒலிக்கலாம். ஐயப்பட்ட சீடர் தோமாவோ இயேசுவிடமே முன்னிலையில் பேசினார்: "நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!" (யோவான் 20:28). வரும் ஞாயிறு அந்த வரி வரும்போது அதையும் இயேசுவிடம் பேசும் பேச்சாகச் சொல்லிப் பாருங்கள். குரல் தணிந்தால் தணியட்டும். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். நிசேயாவில் எழுதப்பட்ட கிரேக்க மூலத்தின் முதற்சொல் "நம்புகிறோம்" என்ற பன்மை.