பக்கத்து வளவில் பற்றை, குசினியில் எலி: பரிசோதகர் வந்து என்ன செய்வார்?

கேள்வி: யாழ்ப்பாணம் கொக்குவிலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வளவின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். வீடு பூட்டிக் கிடக்கிறது, வளவு முழுவதும் பற்றை. மாரி தொடங்கியதும் எலியும் கரப்பானும் எங்கள் குசினிக்குள் வருகின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிட்டால் வந்து மருந்து அடிப்பாரா?

பதில்: அடிக்கமாட்டார். எலி பிடிப்பது அவருடைய வேலையல்ல. எலி பெருக இடம் கொடுக்கும் நிலைமையை நீக்கச் சொல்லி உரியவருக்கு அறிவித்தல் கொடுப்பதுதான் அவருடைய வேலை. ஆகவே ‘எலித் தொல்லை தாங்க முடியவில்லை’ என்று மட்டும் எழுதினால் கடிதம் கட்டுக்குள் கிடக்கும். எந்த மதிலோரம் பற்றை, எங்கே மலக்குழி மூடி உடைந்திருக்கிறது, எந்தத் தொட்டியில் மழைநீர் நிற்கிறது என்று இடம் குறித்து, படத்தோடு எழுதுங்கள். கடிதத்தை உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொடுங்கள். பிரதி நல்லூர்ப் பிரதேச சபைக்கு. பக்கத்து வீட்டுத் திறப்பு எந்த உறவினரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெளிநாட்டுக்காரர் வளவு என்றால் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் காரியம் நகரும்.

நீர் தேங்கி நுளம்பு பெருகும் இடமென்றால் முறைப்பாட்டுக்கு இன்னும் வலு உண்டு. 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டம் சொந்தக்காரரையும் குடியிருப்பவரையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது. குடியிருப்பவர் என்றால் நீங்களும்தான்! வந்த பரிசோதகர் மதிலுக்கு அப்பால் மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார். உங்கள் பீலியில் அடைந்த இலை, கிணற்றடி வாளி, பூச்சாடித் தட்டு, கோடிப்புறத்துச் சிரட்டை எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். தொட்டியை வெறுமனே கவிழ்த்தால் போதாது. டெங்கு நுளம்பின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு ஈரமில்லாமலே மாதக்கணக்கில் தாங்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

எலி எந்த வழியால் வருகிறது என்பதை அதன் எச்சமே காட்டிக்கொடுக்கும். புதிய எச்சம் கருமையாக, மினுமினுப்பாக, மெத்தென்று இருக்கும். பழையது உலர்ந்து சாம்பல் பூத்திருக்கும். தினமும் ஓடும் பாதையில், சுவரின் அடியில் எண்ணெய் பிசுக்கு போன்ற கறை படிந்திருக்கும். அந்தக் கறை முடியும் இடத்தில் ஓட்டை இருக்கும். இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி எலிக்குப் போதும். துணியை அடைக்காதீர்கள், கடித்துவிடும். கம்பி வலை வைத்துச் சீமெந்து பூசுங்கள். உலர்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டினால் தூசி மூக்குக்குள் போகும். குளோரின் கரைசல் தெளித்து, ஊறவிட்டுத் துடைத்து எடுங்கள்.

கரப்பானின் கதை வேறு. பெரிய செங்கபில நிறக் கரப்பான் பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய் வழியாகவும் மலக்குழியிலிருந்துமே வருகிறது. குழாய் வாய்க்கு நெருக்கமான வலை போட்டு, குழி மூடியின் வெடிப்பைப் பூசுங்கள். மருந்து முட்டைக் கூட்டுக்குள் இறங்காது என்பதால், ஒருமுறை அடித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

எலி நஞ்சை, குறிப்பாகக் கிணற்றடியில், நான் விரும்புவதில்லை. தின்ற எலி கிணற்றுக்குள் விழுந்து செத்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காமல், இறைத்துக் குளோரின் இட வேண்டும். அதற்குப் பரிசோதகரிடமே ஆலோசனை கேட்கலாம்.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சல், எலிக்காய்ச்சல் என்று உறுதியானதை நினைவில் வைத்திருங்கள். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளம் காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாகவும் கிருமியை உள்ளே விடும். வெள்ளத்தில் நின்ற பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் பனடோலோடு காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். வெள்ளத்தில் நின்றதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.